கொம்பும் காலும்

நிரல்மொழி ஒன்றைப் புதிதாக உருவாக்க முற்படுவோர் அதன் இலக்கணத்தைப் பற்றியும், ஓடும் வேகத்தைப் பற்றியும், நினைவகத்தை ஆளும் முறையைப் பற்றியுமே பெரும்பாலும் சிந்திக்கின்றனர். வெளியிலிருந்து வரும் எழுத்து எந்த ரூபத்தில் வருகிறது, உள்ளே எந்த ரூபத்தில் தங்கவேண்டும், திரும்பவும் வெளியே போகையில் எந்த ரூபத்தை ஏற்கவேண்டும் என்னும் விஷயம் அவர்களுடைய கவனத்துக்குக் கடைசியில்தான் வந்து சேர்கிறது. ஆங்கிலம் ஒன்றையே கையாளும் இடத்தில் இந்தத் தாமதத்தால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு பத்திரிகையும் தத்தமக்கென ஓர் எழுத்துருவையும் அதற்கென ஒரு தனிக் குறியேற்றத்தையும் வைத்துக்கொண்டு தமிழை உள்ளிட்டு வந்த நாட்டில், எழுத்து மாற்றம் என்பது நிரல்மொழியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்படும் அனுபந்தமாக இருக்க முடியாது. அதுவே முதல் அத்தியாயமாக இருக்கவேண்டும்.

கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பகுதியில் இயங்கிய ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், பஞ்சாலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அச்சகங்களுக்கும் ரசீது, பட்டியல், ஆண்டறிக்கை முதலியவற்றைத் தயாரித்துக் கொடுக்கும் பொருட்டு எங்களுக்குள்ளேயே ஒரு சிறு நிரல்மொழியை அமைத்தோம். அதில் குறியேற்ற மாற்றத்தைத் திட்டமிடும் பொறுப்பு என்னுடையது. அந்தப் பொறுப்பை ஏற்றவன் முதலில் படிக்க வேண்டியது கணிதமும் அல்ல, கணிப்பொறி நூலும் அல்ல, தமிழ் அச்சுக்கலையின் சரித்திரமே என்பதை அந்த வேலை எனக்குக் கற்பித்தது.

ஒரு பைட்டுக்கு 256 இடங்கள். அவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. தமிழின் எழுத்துகளோ ஆய்தத்தையும் சேர்த்து 247. கிரந்த வரிசைகளையும் சேர்த்தால் முந்நூறுக்கு மேல். எஞ்சிய இடத்தில் இத்தனையும் அடங்காமையால், எழுத்துரு செய்தவர்கள் கையால் அச்சுக் கோத்தவர்களின் வழியையே பின்பற்றி, உயிர்மெய்யை முழுதாக வைக்காமல் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், புள்ளி என்று துண்டு துண்டாக வைத்துத் தொடுத்தார்கள். இதற்கு ஓரளவு இடம் செய்து கொடுத்தது ஈரோட்டுக்காரர் ஒருவருடைய சீர்திருத்தம் என்பதைக் கொங்கு நாட்டார் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ பத்திரிகையில் நடைமுறைப்படுத்தி, தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட அந்தச் சீர்திருத்தம், ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கி அவற்றைப் பொதுக் காலுக்கும் பொதுக் கொம்புக்கும் உட்படுத்தியிராவிட்டால், எட்டு பிட்டுக்குள் தமிழை அடக்க முயன்றவர்களுக்கு இன்னும் சில இடங்கள் தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. எழுத்துருக்களில் பாமினி ஒரு வழி, வானவில் ஒரு வழி, ஸ்ரீலிபி ஒரு வழி. 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய ‘தஸ்கி’ என்னும் குறியேற்றம் ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரண்டும் மற்றொரு பக்கம். முத்து அண்ணாமலை தொடங்கி வைத்த ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நூலகத்தில் அருளாளன் எழுதிய மாற்றிப் பகுதியைத் திறந்து பார்ப்போர், இருபதுக்கும் மேற்பட்ட குறியேற்றங்களின் பெயர்களை வரிசையாகக் காண்பார்கள்: தினமணி, தினத்தந்தி, பழைய விகடன், நக்கீரன், முரசொலி என்று பத்திரிகைப் பெயர்களே அங்கே குறியேற்றப் பெயர்களாக நிற்கின்றன. ஒரே மொழியில் எழுதிய பத்திரிகைகள் ஒன்றின் கோப்பை மற்றொன்றின் கணிப்பொறியில் வாசிக்க முடியாதபடி வாழ்ந்த காலத்துக்கு அந்தப் பட்டியலே சாசனம்.

இந்த நிலையில் எங்கள் முன் நின்ற முதல் கேள்வி, சரம், அதாவது நிரல் கையாளும் எழுத்துத் தொடர், எதனால் ஆனது என்பது. நிரல்மொழி உலகத்தில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. ரூபி மொழியைப் படைத்த மத்சுமோதோவின் கட்சி, ஒவ்வொரு சரமும் தன் குறியேற்றத்தின் பெயரைத் தன்னோடு சுமந்து திரியட்டும் என்பது. ஜப்பானிய மொழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பழைய குறியேற்றங்கள் வழக்கில் இருந்தமையாலும், அவற்றை மாற்றித் திரும்பவும் மாற்றினால் சில எழுத்துகள் வேறாகிவிடும் என்ற அச்சம் இருந்தமையாலும் அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008இல் மேற்கொண்ட கட்சி இதற்கு நேர் எதிரானது: பைட்டு வேறு, எழுத்து வேறு, உள்ளே இருப்பது யூனிகோடு ஒன்றே, மாற்றம் வாயிலில் மட்டும். நாங்கள் இரண்டாம் கட்சியைத் தேர்ந்தெடுத்தோம். பாமினிச் சரத்தையும் தஸ்கிச் சரத்தையும் ஒரே நிரலுக்குள் உலவ விட்டால், இரண்டையும் ஒட்டும் ஒவ்வோர் இடத்திலும் நிரல் எழுதுபவர் விழிப்போடு இருக்க வேண்டும். மார்ச்சு மாதக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் அந்த விழிப்பை எவரிடமும் எதிர்பார்ப்பது தர்மம் அல்ல.

யூனிகோடை நடுவில் வைத்ததற்கு எளிய கணக்கு ஒன்றும் உண்டு. இருபது குறியேற்றங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே மாற்ற 380 மாற்றிகள் வேண்டும். நடுவில் ஒன்றை வைத்தால் நாற்பது போதும். பொள்ளாச்சியிலிருந்து கோபிக்குப் போகிறவர் கோவையில் இறங்கி வண்டி மாறுவது போலத்தான்.

இனி அந்த வாயிலில் நடப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். ‘கோவை’ என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் அறிந்தவருக்கு அது இரண்டு எழுத்து. தஸ்கியில் அது ஐந்து பைட்டு: 167, 184, 161, 168, 197. அதாவது இரட்டைக் கொம்பு, ககரம், கால். பிறகு ஐகாரக் கொம்பு, வகரம். காகிதத்தில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் வரிசை. யூனிகோடிலோ அது நான்கு குறியெண்: ககரம் 2965, ஓகாரக் குறி 3019, வகரம் 2997, ஐகாரக் குறி 3016. அங்கே மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே, வாயால் சொல்லும் வரிசை. அதையே யூடிஎஃப்-8இல் எழுதினால் பன்னிரண்டு பைட்டு. ஆக, மாற்றி செய்யவேண்டிய வேலை வெறும் அட்டவணைப் பார்வை அல்ல. 167 என்னும் கொம்பைக் கண்டதும் எதையும் வெளியிடாமல் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். 184 வந்ததும் அதையும் வெளியிட்டுவிடக் கூடாது. அடுத்து வருவது 161 என்னும் காலா, வேறொன்றா என்று எட்டிப் பார்த்த பிறகே ‘கே’யா ‘கோ’வா என்று தீர்மானிக்கலாம். வெளியே போகும் திசையில் இதே பொறுமை வேறு விதமாக வேண்டியிருக்கிறது: ககரத்தைக் கண்டவுடன் எழுதிவிட்டால், பின்னால் வரும் ஓகாரக் குறிக்காக ஒரு கொம்பை அதன் முன்னே செருக இடம் இல்லாமற் போகும். அது மட்டுமா? தஸ்கியில் ‘கு’, ‘கூ’, ‘க்’ என்பவை ககரத்தோடு குறியைச் சேர்த்து எழுதப்படுபவை அல்ல. தனித் தனி எண் பெற்ற முழு எழுத்துகள். உயிர்களின் வரிசையில்கூட ஓர் இடறல்: ஆகாரம் 172, ஈகாரம் 174, நடுவில் இகரத்துக்குரிய 173, மேலைநாட்டுக் குறியேற்றத்தில் மென் இணைகோட்டின் இடமாக இருந்து பல மென்பொருள்களால் விழுங்கப்பட்டதால், இகரம் தன் உடன்பிறந்தாரைப் பிரிந்து 254இல் போய் உட்கார்ந்திருக்கிறது.

பெரிய கோப்பை எவரும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. 4096 பைட்டு, 4096 பைட்டாகத் துண்டு போட்டுப் படிப்பதே வழக்கம். அந்தத் துண்டின் விளிம்பு, மேலே சொன்ன கொம்புக்கும் காலுக்கும் நடுவில் விழுந்தால் என்ன ஆகும்? 167, 184 என்பவை முதல் துண்டின் கடைசி. 161 அடுத்த துண்டின் முதல். நிலை அறியாத மாற்றி முதல் துண்டின் முடிவில் ‘கே’ என்று எழுதிவிட்டு, அடுத்த துண்டின் தொடக்கத்தில் அநாதையான ஒரு காலை எழுதுகிறது. இதிலுள்ள விபரீதம் என்னவென்றால், யூனிகோடின் விதிப்படி ஏகாரக் குறியும் காலும் அடுத்தடுத்து நின்றால் அவை ஓகாரக் குறிக்குச் சமானமானவை. ஆகையால் திரையில் அழகான ‘கோ’வே தோன்றும். 2965, 3019 என்று இருக்கவேண்டிய இடத்தில் 2965, 3015, 3006 என்று இருப்பதைக் கண் காணாது. ஆனால் ‘கோவை’ என்று தேடினால் அந்த ஓர் இடம் மட்டும் அகப்படாது. உறுப்பினர் பட்டியலை ஊர்வாரியாகப் பிரிக்கும் நிரலில் அகப்படாத அந்த ஒருவருக்குப் பங்கு ஈவு போகாது. கண்ணுக்குத் தெரியும் பிழையைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பிழை எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் நான் கண்டதில்லை.

இதற்கான பரிகாரத்தை எங்களுக்கு முன்பே பெரியவர்கள் கண்டிருந்தார்கள். குனூ சி நூலகத்தில் புரூனோ ஹைபிள் 2002இல் எழுதிய தஸ்கி மாற்றி, அரைகுறையாக நிற்கும் எழுத்தை ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே தன் நிலையில் சேமித்து வைக்கும் வகையில் அமைந்தது. ஜெர்மானியர் ஒருவர் தமிழின் கொம்புக்கும் காலுக்கும் காட்டிய அந்தச் சிரத்தையை நான் நன்றியோடு படித்தேன். பைத்தானும் படிப்படியாக மாற்றும் மாற்றிக்குத் தனி வகுப்பு வைத்து, ‘இதுவே கடைசித் துண்டு’ என்று அழைப்பவர் சொல்லும் வசதியைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சொல் அவசியமானது. அது வராத வரையில் மாற்றி காத்திருக்கலாம்; வந்த பின் கையில் எஞ்சிய கொம்பைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நிரல்மொழியில் எல்லாவற்றையும் இந்தப் படிப்படி முறையிலேயே அமைத்து, முழுச் சரத்தை ஒரே தடவையில் மாற்றும் செயலை அதன்மேல் கட்டினோம். சோதனைக் கோப்புகளை ஒரு பைட்டு, இரண்டு பைட்டு, மூன்று பைட்டு என்று எல்லா அளவிலும் வெட்டி ஊட்டி, எப்படி வெட்டினாலும் விளைவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எந்த மாற்றியையும் உள்ளே சேர்த்தோம்.

தஸ்கியாவது ஆராய்ந்து வகுக்கப்பட்டது. 2007இல் இணையக் குறியேற்றப் பதிவேட்டிலும் இடம் பெற்றது. பாமினி போன்ற தட்டச்சு வழி எழுத்துருக்களில் இன்னும் ஆழமான சிக்கல் இருக்கிறது. அங்கே ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றைத் தட்டினால் அது ‘கௌ’வும் ஆகலாம், ‘கெள’வும் ஆகலாம். அட்டவணையில் நீளமான தொடரை முதலில் தேடி மாற்றும் எளிய மாற்றி, கண்டவுடன் ஔகாரமாக்கிவிடும்.

ஒரு கோயில் குடமுழுக்கு மலரின் பழைய கோப்புகளை எங்களிடம் மாற்றக் கொண்டுவந்த டி.டி.பி. அம்மையார், வேறோர் இலவச மாற்றியில் தாம் மாற்றிப் பார்த்த பக்கத்தை என் மேஜைமேல் வைத்து, “ஏனுங்க சார், வெள்ளலூருன்னு அடிச்சா இப்படி மேல புள்ளி தொங்கிட்டு நிக்குதுங்களே, எங்கூருப் பேரு உங்க கம்ப்யூட்டருக்கு ஆகாதுங்களா?” என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் வெள்ளலூர், வெள்ளக்கோவில், வெள்ளியங்கிரி என்று ‘வெள்’ளில் தொடங்கிய அத்தனை பெயர்களிலும் வகரம் ஔகாரம் ஏறி, அதன்மேல் ஆதரவற்ற ஒரு புள்ளி நின்றது. கொங்கு நாட்டு ஊர்ப்பெயர்களை வைத்தே சோதனைக் கோப்பு தயாரிக்க வேண்டும் என்று நான் நிச்சயித்தது அன்றைக்குத்தான்.

இந்தச் சிக்கலில் பெரும்பகுதிக்கு விதி உண்டு. ளகரத்தின் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே. ஔகாரத்தின் மேல் புள்ளி ஏறாது, இன்னொரு குறியும் ஏறாது. ஆகவே வெள்ளலூரும் வெளியும் தெளிவும் சந்தேகத்துக்கு இடமின்றித் தப்பின. ஔகாரம் தமிழ்ச் சொல்லில் பெரும்பாலும் முதலெழுத்தில் மட்டுமே வரும் என்பதையும், அப்படி வரும் சொற்கள் கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌக்கியம், ஔவை, வௌவால் என்று ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எஞ்சியதிலும் பெரும்பாலானவை தீர்ந்துவிடுகின்றன.

தீராதவையும் உண்டு. கொங்கு வழக்கில் விளக்கை ‘வெளக்கு’ என்கிறோம். உளறுவதை ‘ஒளற்றது’ என்கிறோம். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சை உரையாடலுக்குள் கொண்டுவந்த நாள் தொட்டு இந்த மண்ணின் எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதி வருகிறார்கள். ‘வெளக்கு’ என்பதில் ளகரத்தின் பின் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. விதி எதுவும் அதைக் காப்பாற்றாது. செந்தமிழ் நூல்களை மட்டும் சோதித்த ஒருவர் செய்த மாற்றி இந்தச் சொற்களை எல்லாம் ஔகாரமாக்கிச் சிதைத்துவிடும்; சிதைத்ததை யாரிடமும் சொல்லாது. ஒரு வட்டாரத்தின் பேச்சு அச்சிலிருந்து அழிவதற்கு இதுவும் ஒரு வழி.

காலும் ரகரமும் பற்றிய குழப்பம் இதைவிட எளிது. பல எழுத்துருக்களில் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றை அச்சில் எழுதும்போது அடியிலுள்ள சாய்கோடு தெரியாமையால், தட்டச்சு செய்வோர் ரகரத்துக்குப் பதிலாகக் காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைக்கிற பழக்கம் உண்டு. காகிதத்தில் பேதம் இல்லை. மாற்றிய பின் ‘தமிழர்’ என்னும் சொல்லின் இறுதியில் ரகரத்துக்குப் பதில் காலும் புள்ளியும் நிற்கும். அகராதியும் அறியாது, தேடுபொறியும் அறியாது. ஆனால் கால் ஒருபோதும் புள்ளி பெறாது என்பது தமிழ் எழுத்தின் திடமான நியமம். ஆதலால் அதைத் தயக்கமின்றித் திருத்தலாம். இன்றும் இணையத்தில் உலவும் ஏராளமான தமிழ்ப் பக்கங்களில் இந்தப் புள்ளி வைத்த கால் அப்படியே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டு வரி விதி எழுத ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லையே என்று என் மனம் வருந்துகிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு எங்கள் நிரல்மொழிக்கு நாங்கள் வகுத்த கொள்கை இது: நிச்சயமானதை மாற்று, ஐயமானதை அறிவி, அறியாத பைட்டைத் தூக்கி எறியாதே. ஐயமான இடத்தில் மாற்றி ஒரு முடிவை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்தின் வரி எண்ணையும் இரண்டு சாத்தியங்களையும் பக்கத்தில் குறித்து வைக்கவேண்டும்; நிரல் எழுதுபவர் விரும்பினால் தாமே ஒரு செயலைக் கொடுத்து அந்த முடிவைத் தம் வசம் வைத்துக்கொள்ளலாம். வட்டார நாவல் அச்சிடுபவர் ஒரு விதமாகவும், ஆண்டறிக்கை அச்சிடுபவர் வேறு விதமாகவும் முடிவு செய்வார்கள். அது அவர்களுடைய உரிமை. அட்டவணையில் இல்லாத பைட்டைப் பொறுத்தவரை, மார்ட்டின் ஃபான் லோவிஸ் முன்மொழிந்து 2009இல் பைத்தான் ஏற்ற வழியை நாங்களும் பின்பற்றினோம்: புரியாத பைட்டை எந்த எழுத்துக்கும் உரியதல்லாத ஒரு தனிப் பகுதியில் ஒளித்து வைத்து, திரும்ப எழுதும்போது அதே பைட்டாக வெளியிடுவது. கேள்விக்குறியாக மாற்றிவிட்டால் அது என்றைக்கும் போனதுதான்.

வெளியே எழுதும் திசையிலும் இதே கொள்கை சோதனைக்கு உள்ளாயிற்று. 2010 ஜூலையில் மத்திய அரசு ரூபாய்க்குப் புதிய சின்னத்தை ஏற்றது. அதே ஆண்டின் அக்டோபரில் அது யூனிகோடுக்குள் வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த அந்தச் சின்னத்தை வியாபாரிகள் ரசீதில் கேட்கத் தொடங்கினார்கள்; ஆனால் பழைய எழுத்துருவை நம்பி ஓடிய அச்சுப்பொறிகளுக்கு அனுப்பும் கோப்பில் அதற்கு இடமே இல்லை. ரசீதில் தொகையின் முன் நிற்கும் சின்னத்தை மாற்றி தானாக விழுங்குவதா, கேள்விக்குறி போடுவதா? இரண்டும் கணக்கு வழக்கில் அபசாரம். ‘ரூ.’ என்று எழுது என நிரல் எழுதுபவர் சொன்னால் எழுதவேண்டும். சொல்லாவிட்டால் வேலையை நிறுத்தி, எந்த வரியில் எந்த எழுத்துக்கு இடம் இல்லை என்று தமிழில் சொல்லவேண்டும். தமிழில் என்பதை நான் வற்புறுத்தினேன். ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ நடத்தி விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டிய ஊரில், ஒரு பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் ஒப்பவில்லை.

குறியேற்றத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியைப் பயன்படுத்தியவர்களுக்கு, முதலில் எழுத்துரு வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றும் பழக்கம் இருந்தது. அதையும் கணிப்பொறியே செய்யக்கூடாதா என்பது அவர்கள் கேள்வி. செய்யலாம், ஓரளவு. ஆனால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பது. ‘தமிழ்’ என்பது அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்தக் கோப்பின் நடுவே மெய்யாகவே ஆங்கிலத்தில் ஒரு கம்பெனிப் பெயர் வந்தால் அதுவும் தமிழாகிக் குழறிவிடும். இந்த வரி பாமினி, அந்தச் சொல் ஆங்கிலம் என்னும் தகவல் ஆவணத்தில் எழுத்துரு விவரமாக இருக்கிறது. அதை வெறும் உரைக் கோப்பாகச் சேமித்த கணத்தில் போய்விடுகிறது. ஆகையால் எங்கள் மாற்றிக்கு வெறும் பைட்டுகளை மட்டும் அல்லாமல், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்த எழுத்துரு என்னும் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கும்படி அமைத்தோம். பட்டியல் இல்லாத கோப்புக்கு ஊகம் உண்டு. ஆனால் ஊகம் என்ற பெயரோடுதான் அது வெளியே வரும்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவைக் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றபோது, மாநாட்டின் முதல் நாள் தேதியிட்டே அரசாணை ஒன்று வந்தது: தமிழக அரசின் பயன்பாட்டுக்கு யூனிகோடு தரமென்றும், யூனிகோடு முழுமையாக இயங்காத இடங்களில் ‘டேஸ்-16’ என்னும் பதினாறு பிட் குறியேற்றம் என்றும். டேஸில் ஒவ்வோர் உயிர்மெய்யும் ஓர் எண். ‘கோவை’ அங்கே இரண்டே குறி. எழுத்தை எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் மெய்யையும் உயிரையும் பிரிப்பதும் எளிய கூட்டல் கழித்தலாக முடிகின்றன. யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்த 128 இடங்கள், இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சு வார்க்க முயன்ற இஸ்கியின் சாயலில் அமைந்தவை என்பதும், தமிழின் இயல்புக்கு டேஸே அதிகம் பொருந்துவது என்பதும் என் திடமான அபிப்பிராயம். ஆயினும் எங்கள் நிரல்மொழியின் உள்ரூபமாக நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. டேஸ் தங்கியிருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அந்தப் பகுதியின் எண்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட பொருள் கிடையாது. எழுத்துரு இல்லாத கணிப்பொறிக்கு அது கட்டம் கட்டமாகப் போய்ச் சேரும். திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியனோடு போகும் பட்டியல் உலகம் முழுதும் வாசிக்கப்படவேண்டும். ஆதலால் உள்ளே யூனிகோடை வைத்து, டேஸ் கொடுக்கும் சௌகரியங்களை அதன்மேல் செயல்களாக எழுதினோம்: சரத்தின் நீளம் கேட்டால் ‘கோவை’க்கு விடை இரண்டு, குறியெண் எண்ணிக்கை வேண்டுவோர் தனியே கேட்டால் நான்கு. உள்ளே நுழையும் ஒவ்வொரு சரத்தையும் வாயிலிலேயே ஒரே சீர்வடிவுக்குக் கொண்டுவந்துவிடுவதால், ஏகாரமும் காலும் பிரிந்து நின்று தேடலை ஏமாற்றும் அவலம் உள்ளே நுழைவதில்லை.

புதிதாக எழுதப்படும் தமிழ் இப்போது பெரும்பாலும் யூனிகோடிலேயே பிறக்கிறது. இனி இந்த மாற்றிகளால் என்ன பிரயோஜனம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1990 முதல் 2010 வரை கொங்கு நாட்டு அச்சகங்களில் உருவான குலவரலாறுகள், கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள், உள்ளூர்ப் பதிப்பகங்களின் நாவல்கள் யாவும் இன்னும் பழைய குறுந்தகடுகளிலும் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அச்சுப் பிரதியும் அருகிவிட்டது. கையெழுத்துச் சுவடியைப் படிக்கக் கற்றவர் இன்றும் உண்டு. பெயர் தெரியாத எழுத்துருவில் கிடக்கும் கோப்பைப் படிக்கக் கற்றவர் வருங்காலத்தில் இருக்கமாட்டார்.

ஆகவே அத்தகைய கோப்புகளை வைத்திருக்கும் அச்சகத்தாரையும் எழுத்தாளர்களையும் கோயில் அறங்காவலர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கோப்பை வெறும் உரையாக மாற்றிச் சேமிக்காதீர்கள். அதை எழுதப் பயன்பட்ட எழுத்துருக் கோப்பையும் அதன் பெயரையும் கூடவே வையுங்கள். ஒரு பக்கத்தையாவது அச்சிட்டோ படமாக்கியோ அதனுடன் சேர்த்து வையுங்கள். மாற்றியவர் தாம் மாற்றியது சரிதானா என்று ஒத்துப் பார்க்க அது ஒன்றே ஆதாரம். யூனிகோடாக மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.